பிசகிய ஸ்வரம்

எங்கள் தெருக்கோடி வீட்டில் ஓர் இஞ்ஜினீயர் இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகின்றன. பாலங்கள் கட்டியவர். இப்போது அவருக்கு இரண்டே வேலைகள். காலையில் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். மாலையில் பியானோ சங்கீதம் கேட்பார். கறுப்பு இசைத்தட்டுகள் ஓர் அலமாரி நிறைய வைத்திருக்கிறார். அவற்றை அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது, அவர் மனைவி உள்பட.

நான் அந்த வீட்டுக்குப் போவது ஆரம்பத்தில் சங்கீதத்துக்காக அல்ல. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த அம்மாள் போடும் காப்பிக்காகத்தான். மேல்நாட்டு சங்கீதத்தில் எனக்கு ஞானம் கிடையாது. கல்லூரியில் இரண்டு வருஷம் வாசித்துவிட்டு வெளியே வந்தவன் நான். ஷூமான் என்றால் மனிதர் பெயரா, ஊர் பெயரா என்று கேட்டிருப்பேன்.

ஒரு நாள் மாலை இஞ்ஜினீயர் திடீரென்று கேட்டார்:

"ஏன் ஸார், நீங்க எழுதி ரொம்ப நாளாச்சே?"

எழுத்தாளனிடம் கேட்கக்கூடாத கேள்வி இது. மழை பெய்யாத வருஷத்தில் குடியானவனிடம் விளைச்சலைப் பற்றி விசாரிப்பது மாதிரி. ஏதோ சொல்லி மழுப்பினேன். ஆனால் வாசகர்களிடம் மழுப்ப வேண்டியதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். கதாநாயகி கமலம் புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பி, ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாளாக இருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் புருஷன் அவளைத் தேடிக்கொண்டு வருகிறான். அவள் அவனுக்கு இலை போட்டுச் சாதம் பரிமாறுகிறாள். இரண்டு பேரும் ஊர்ச் சமாசாரம் பேசுகிறார்கள். சாயங்கால பஸ்ஸில் அவனை ஏற்றி அனுப்பிவிட்டு அவள் பரீட்சைத் தாள் திருத்த உட்காருகிறாள். அவ்வளவுதான் கதை.

கடிதங்கள் வந்தன. பாதிக்கு மேல் வசவு. புத்தகமாகப் போடும்போது பதிப்பாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "சேர்த்து வைத்துவிடுங்களேன் ஸார், நாலு பக்கம்தானே?" நாலு பக்கம்தான். சேர்த்து வைத்தேன். கமலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் புருஷனோடு ஏறினாள். புத்தகம் நன்றாக விற்றது. ஆனால் அதற்குப் பிறகு நான் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் மூன்றாவது பக்கத்தில் ஒரு சந்தேகம் வந்து நிற்கும். 'இதையும் கடைசியில் மாற்றப் போகிறவன்தானே நீ?' என்று கேட்கும். பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

இதையெல்லாம் நான் இஞ்ஜினீயரிடம் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. "சரி, இந்த மனுஷனைக் கேளுங்க" என்று ஒரு தட்டைத் துடைத்துப் போட்டார். அன்றிலிருந்து பல மாலைகள் எனக்கு அந்த ஒரே மனுஷரோடு கழிந்தன.

அவர் பெயர் விளாதிமிர் ஹோரோவிட்ஸ். 1903-இல் உக்ரைன் தேசத்தில் பிறந்தவர். 1925-இல் சோவியத் நாட்டை விட்டு வெளியேறி, ஐரோப்பாவில் பெயரெடுத்து, 1928-இல் நியூயார்க்கில் முதல் கச்சேரி செய்தார். 1944-இல் அமெரிக்கப் பிரஜையானார். பெரிய சங்கீத நிர்வாகியான டாஸ்கனினியின் மகள் வாண்டாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனாருக்குக் கோபம் அதிகம். மகளுக்கும் அது குறைவில்லை என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஹோரோவிட்ஸ் சிறு பையனாக இருந்தபோது ஸ்க்ரியாபின் என்ற ருஷ்ய சங்கீத மேதையிடம் அவரை அழைத்துப் போனார்களாம். பையன் வாசித்ததைக் கேட்ட மேதை, இவனுக்குப் பியானோ மட்டும் போதாது, நாலு விஷயமும் தெரிந்த பிள்ளையாக வளருங்கள் என்று பெற்றோரிடம் சொன்னாராம். ஹோரோவிட்ஸ் எடுத்து வாசித்த உருப்படிகளின் பட்டியலைப் பார்த்தால் அந்தப் புத்திமதி வீண்போகவில்லை என்று தோன்றுகிறது.

ஸ்கார்லாட்டி என்ற இத்தாலியர் 555 ஸொனாட்டாக்கள் இயற்றியிருக்கிறார். பெரும்பாலானவை சில நிமிஷங்களில் முடிந்துவிடும். பியானோவுக்கு மூத்த ஹார்ப்ஸிகார்ட் என்ற வாத்தியத்துக்காக, ஸ்பெயின் அரண்மனையில் ராணியாக இருந்த ஒரு சிஷ்யைக்காக எழுதப்பட்டவை பெரும்பாலும். ஹோரோவிட்ஸ் 1964-இல் இவற்றை மட்டுமே கொண்டு ஒரு தட்டுப் பதிவு செய்தார். தந்தியை மீட்டினாற்போன்ற அந்தப் பழைய வாத்தியத்தின் சிலுசிலுப்பைப் பியானோக் கட்டைகளிலிருந்து அவர் எடுப்பதைக் கேட்கும்போது, கூடத்தில் யாரோ கொலுசு போட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கும்.

க்ளெமெண்டி என்று இன்னொருவர். பியானோ படிக்கிற குழந்தைகள் விரல் பழக வாசிப்பதோடு உலகம் அவரை விட்டுவிட்டது. அவருடைய பெரிய ஸொனாட்டாக்களை 1954-இல் ஹோரோவிட்ஸ் தூசி தட்டி எடுத்து வாசித்தார். பெரிய வித்வான் ஒருவர், தமக்குப் பெயர் வாங்கித் தராத உருப்படிக்காக மெனக்கெடுவது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு ஷோப்பான், ஷூமான், லிஸ்ட். ருஷ்யாவைச் சேர்ந்த ரக்மானினாவ், ஸ்க்ரியாபின், புரோகோபியேவ். புரோகோபியேவின் யுத்தகாலத்து ஸொனாட்டாக்களை அமெரிக்காவில் முதலில் வாசித்துக் காட்டியவர் ஹோரோவிட்ஸ்தான். விட்டு வந்த தேசத்தை அவருடைய விரல்கள் விடவில்லை.

வந்து சேர்ந்த தேசத்துக்கும் அவர் கடன் வைக்கவில்லை. ஸூஸா என்பவர் இயற்றிய அமெரிக்க ராணுவ பாண்டு மெட்டு ஒன்று உண்டு. 'நட்சத்திரங்களும் பட்டைகளும் என்றென்றும்' என்று, கொடியைப் பற்றியது. எக்காளம், முரசு, சிறிய புல்லாங்குழலான பிக்கலோ எல்லாம் சேர்ந்து முழங்குவது. அதை 1945-இல் ஒரே பியானோவுக்கு மாற்றி அமைத்தார். அதில் பாண்டு கீழே நடக்கும்போது உச்சியில் பிக்கலோ தனியாகக் கூவும். "எத்தனை கை இருக்கு இவருக்கு?" என்று கேட்டேன். "மூணு" என்றார் இஞ்ஜினீயர். ஜனங்கள் இந்த உருப்படிக்காகவே கச்சேரி முடிவுவரை காத்திருப்பார்களாம். பெரிய சமாசாரங்களெல்லாம் ஒருபுறம் இருக்க, கடைசித் துக்கடாவுக்காகக் கைதட்டுகிற ரஸிகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இப்போது வாண்டாவின் கதை.

சாமுவேல் பார்பர் என்ற அமெரிக்கர் ஒரு பியானோ ஸொனாட்டா எழுதிக்கொண்டிருந்தார். மூன்று பகுதிகள் ஆகிவிட்டன. இதற்குக் கடைசியில் ஒரு ஜோரான பகுதி வேண்டும், ஆனால் வெறும் ஜோராக இருந்தால் போதாது, சரக்கும் இருக்கவேண்டும் என்று ஹோரோவிட்ஸ் சொன்னார். பார்பர் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் டெலிபோன் மணி அடித்தது. பேசியது வாண்டா. "உமக்கு என்ன உபத்திரவம் தெரியுமா? மலச்சிக்கல். சங்கீதத்தில் மலச்சிக்கல்" என்கிற பாவனையில் இத்தாலிய பாஷையில் ஒரே வார்த்தை சொன்னாள். பார்பருக்கு வந்த கோபத்தில் மறுநாளே அந்தக் கடைசிப் பகுதியை எழுதித் தள்ளிவிட்டார். பிற்காலத்தில் அவரே சொன்ன கதை இது. ஒரு குரல் தொடங்கியதை இன்னொரு குரல் பிடித்துக்கொண்டு துரத்தும் ஃப்யூக் என்ற பழைய ஐரோப்பிய அமைப்பில், அமெரிக்க ஜாஸ் தாளத்தின் துள்ளலோடு அது இருக்கிறது. 1949 டிசம்பரில் ஹவானாவிலும் அடுத்த மாதம் நியூயார்க்கிலும் ஹோரோவிட்ஸ் அந்த ஸொனாட்டாவை அரங்கேற்றினார்.

இஞ்ஜினீயர் இதைச் சொல்லிவிட்டுக் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டேன். அவளிடம் டெலிபோன் கொடுத்திருந்தால் அவளும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள்.

ஆனால் அடுத்த சங்கதி சிரிப்பு இல்லை. இவ்வளவு வாசித்த மனிதர் 1953-இல் மேடையை விட்டு விலகிவிட்டார். உடல் நலம் குன்றியது, மனமும் சோர்ந்தது. பன்னிரண்டு வருஷம் கச்சேரி இல்லை. சில தட்டுகள் பதிவு செய்தார், அவ்வளவே. க்ளெமெண்டியும் ஸ்கார்லாட்டியும் அந்த அஞ்ஞாதவாசத்தின் வரவுகள்தாம்.

1965-ஆம் வருஷம் மே மாதம் 9-ஆம் தேதி, நியூயார்க் கார்னெகி மண்டபத்தில் திரும்பி வந்தார். வயது 61. டிக்கெட்டுக்காக ஜனங்கள் இரவு முழுவதும் தெருவில் வரிசையில் நின்றார்கள். வாண்டா அவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள். மேடைக்கு வந்தவுடன் சபை முழுவதும் எழுந்து நின்றது. உட்கார்ந்தார். முதல் உருப்படி பாக் ஆர்கனுக்காக எழுதியது; பூஸோனி என்ற இத்தாலியர் பியானோவுக்கு மாற்றியது. கையை வைத்தார். ஆரம்பத்திலேயே ஒரு ஸ்வரம் பிசகிவிட்டது.

இஞ்ஜினீயர் அந்த இடத்தில் என் முகத்தையே பார்த்தார். "கேட்டதா?"

எனக்கு எங்கே கேட்கும்? அவர் திரும்பப் போட்டார். கேட்டது. பன்னிரண்டு வருஷம் பயந்து காத்திருந்த மனிதனுக்கு, எது நேரக்கூடாது என்று பயந்தானோ அதுவே முதலில் நேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. அந்த உருப்படியை முடித்து, ஷூமானின் பெரிய 'ஃபேண்டஸி'க்குப் போனார். அதில் இரண்டாம் பகுதியின் முடிவில் இரண்டு கைகளும் எதிரெதிர்த் திசையில் தாவவேண்டிய ஓர் இடம் இருக்கிறது. பியானோ வித்வான்கள் எல்லாருக்கும் அங்கே வயிற்றைக் கலக்கும். அங்கும் பிசகியது. அப்படியே ஸ்க்ரியாபின், ஷோப்பான். கடைசியில் ரஸிகர்கள் விடமாட்டேன் என்றதும் நாலு துக்கடாக்கள். அவற்றில் கடைசியாக ஷூமானின் 'கனவு'. குழந்தைப் பருவத்தை நினைத்து எழுதிய பதின்மூன்று சிறு உருப்படிகளில் ஒன்று. படிக்கிற பிள்ளைகள்கூட வாசிக்கக்கூடியது. ஸூஸாவின் முரசைக் கொட்டியிருந்தால் மண்டபம் கூரை பறக்கக் கத்தியிருக்கும். அவர் சின்னக் குரலில் இதை வாசித்துவிட்டு எழுந்து போனார்.

"இப்ப ஒரு வேடிக்கை" என்று இஞ்ஜினீயர் அலமாரியிலிருந்து வேறொரு தட்டை எடுத்தார். "இது அதே வருஷம் வெளிவந்த தட்டு. அதிலே சில பிசகுகளைச் சரிபண்ணிப் போட்டிருந்தாங்க. முன்னாடி நான் போட்டது 2003-லே வந்த குறுந்தகடு. அன்னிக்கு நடந்தது நடந்தபடி, கைவைக்காமல்." கொஞ்சம் நிறுத்தி, "முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு. மனுஷன் செத்தே பதினாலு வருஷம் ஆயிடுத்து" என்றார்.

"உங்களுக்கு எது பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"பாலம் கட்டறவன்கிட்டே கேட்டா, பிசகைத் திருத்துன்னுதான் சொல்லுவான். பாலம் விழுந்தா ஜனங்க செத்துப்போவாங்க. இது பாலம் இல்லையே, ஸார். அன்னிக்கு அங்கே உட்கார்ந்திருந்தவங்க கேட்டது இதுதான்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் காரியத்தையும் ஹோரோவிட்ஸின் பிசகையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது என்று எனக்கே தெரிந்தது. அவர் விரல் தவறியது. தவறியதைத் திருத்த நினைப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. நான் செய்தது வேறு. சரியாக விழுந்த ஸ்வரத்தை, கைதட்டலுக்காகப் பிசகாக மாற்றிவிட்டு, அதற்குத் திருத்தம் என்று பெயர் வைத்தேன். பழைய முடிவிலும் குறைகள் உண்டு. கமலம் அதிகம் பேசுகிறாள். பஸ் வருவதற்குள் மூன்று தடவை பெருமூச்சு விடுகிறாள். அந்தப் பெருமூச்சுகளைத் திருத்தியிருக்கவேண்டும். அவளை பஸ்ஸில் ஏற்றியிருக்கக்கூடாது.

ஹோரோவிட்ஸுக்கு அதற்கப்புறமும் இறக்கங்கள் வராமல் இல்லை. மறுபடியும் விலகியிருக்கிறார், மறுபடியும் வந்திருக்கிறார். 1983-இல் ஜப்பானில் அவர் வாசித்தது மிகவும் மோசமாக இருந்ததென்று விமர்சகர்கள் சொன்னார்கள். அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 1986 ஏப்ரலில், அறுபத்தொரு வருஷத்துக்குப் பிறகு ருஷ்யாவுக்குப் போனார். தம் சொந்தப் பியானோவையும் கூடவே கொண்டுபோனார். மாஸ்கோவில் ஸ்கார்லாட்டி, மோட்ஸார்ட், ரக்மானினாவ், ஸ்க்ரியாபின், லிஸ்ட், ஷோப்பான் எல்லாம் வாசித்துவிட்டு, மறுபடியும் அந்தச் சின்னக் 'கனவு'. அந்தப் படத்தில், சபையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் முகத்தை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். கண்ணீர் கன்னத்தில் வழிகிறது. துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. 1989 நவம்பரில் ஹோரோவிட்ஸ் காலமானார்.

மறுநாள் காலையில் மனைவியிடம் கேட்டேன்: "அந்தத் தொடர்கதையைப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து வைத்தாயே, எங்கே இருக்கிறது?"

"எதுக்கு?"

"சும்மா."

பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஓரங்களில் செல் அரித்திருந்தது. கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். கமலம் இலை போட்டாள், பரிமாறினாள், பஸ் வந்தது, போயிற்று. பெருமூச்சுகளை மட்டும் பென்சிலால் அடித்தேன். பதிப்பாளர் இரண்டாம் பதிப்புக்கு அனுமதி கேட்டு இரண்டு மாதத்துக்கு முன் எழுதிய கடிதம் மேஜையில் கிடந்தது. 'இந்த முடிவைப் போடுவதானால் சம்மதம்' என்று ஒரு வரி எழுதி, அந்தப் பக்கங்களின் நகலோடு தபாலில் சேர்த்தேன்.

பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். ஆனால் சாயங்காலம் ஒரு புதுக் கதை ஆரம்பித்து, மூன்றாவது பக்கத்தைத் தாண்டிவிட்டேன். இஞ்ஜினீயர் வீட்டுக் காப்பிக்கு அன்று போகவில்லை.