உடம்புவலி மாத்திரையும் கிருமியும்

தேவாலாவில் மழை பிடித்துவிட்டால் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்காக்களுக்கு உடம்புவலியும் காய்ச்சலும்தான். பாராசிட்டமாலோடு ஏதாவதொரு ஆன்டிபயாடிக்கையும் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இதுதான் எனக்குக் கவலை.

2025-இல் வெளியான தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வைப் படித்தேன். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு பாராசிட்டமாலோ ஐபுப்ரூஃபனோ சேர்ந்தபோது ஈ.கோலை கிருமியில் மரபணு மாற்றங்கள் கூடியிருக்கின்றன. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள் அந்தக் கிருமிக்குள் முடுக்கிவிடப்பட்டன. வேறு வகை ஆன்டிபயாடிக்குகளுக்கும் அது மசியவில்லை. இரண்டு வலிமாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். வலிக்குப் போடுகிற மாத்திரை கிருமிக்குத் துணைபோகும் என்று யார் நினைத்தோம்?

ஆய்வுக்கூடச் சோதனைதான் இது. பாராசிட்டமாலைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள் அக்கா. டாக்டரிடம் போனால், வீட்டில் போடுகிற எல்லா மாத்திரையையும் சொல்லிவிடுங்கள்.