தொங்கல் காம்பராவுக்கு இணையம்

சனி

கொழும்புக் கம்பனி சம்மதித்துவிட்டது. இனி பசறையில், எங்கள் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்தே கணக்கு வேலையைப் பார்க்கலாம். இணையத்துக்குத்தான் வழி தேட வேண்டும். பதுளை டவுனில் ஃபைபர் உண்டு, எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. மலைநாட்டுக்கு ஏற்றதுதான், ஆனால் கொழுந்துக் காசில் ஓடும் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. மிஞ்சுவது சிம் போட்ட 4ஜி ரவுட்டர்.

ஞாயிறு

தம்பியும் நானும் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றினோம். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர், மேலே தகரம். இரண்டும் சிக்னலை உள்ளே விடாது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் சிக்னலின் வலு டிபிஎம் கணக்கில் கழித்தல் எண்ணாகத் தெரியும். பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது. லயத்தின் கோடியில் உள்ள எங்கள் தொங்கல் காம்பராவுக்குள் −112. வாசல் இஸ்தோப்பில் −106. கோழிக்கூட்டுக்கு மேலே உள்ள மேட்டில் −97! மூன்று கூடினாலே வலு இரண்டு மடங்காகும். அப்படியானால் காம்பராவுக்கும் மேட்டுக்கும் உள்ள பதினைந்து வித்தியாசத்துக்கு முப்பது மடங்குக்கு மேல். அந்த இடத்தில் மட்டும் நிழல் மரங்கள் விலகி, எதிர் மலையின் டவர் நேராகத் தெரிகிறது. மழையில் நனைந்த இலைகள் குறுக்கே நின்றால் சிக்னல் இன்னும் இறங்கும், ஆகவே இந்த இடைவெளியை விடக்கூடாது.

புதன்

மேட்டில் இரும்புக் குழாய் நட்டு, வெளியில் வைக்கும் ரவுட்டரை அதன் உச்சியில் பொருத்தினோம். ஆன்டெனாவை மட்டும் மேலே வைத்து, நீள வயரில் கீழே இறக்கினால் வழியிலேயே சிக்னல் தேய்ந்துவிடும். லேன் கேபிளில் அந்தத் தொல்லை இல்லை. 100 மீற்றர் வரை தாங்கும், மின்சாரமும் அதே கேபிளில் மேலே போகும். அப்பா செப்புக் கம்பி அடித்து எர்த் போட்டார். மார்ச், ஏப்ரல் மாத அந்தி இடிக்கு அது இல்லாமல் முடியாது. மழை முட்டினால் கேபிளைக் கழற்றிவிடும்படி அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

வெள்ளி

ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். லெப்டொப்புக்கு அதன் பற்றரி இருக்கிறது. கரண்ட் போன நொடியில் ரவுட்டர் நின்றால்தான் மீட்டிங் அறுந்துபோகும்.

ஞாயிறு

பக்கத்துக் காம்பரா அக்கா வந்து, மகளின் சூம் வகுப்புக்கு லைன் கிடைக்குமா என்று கேட்டார். இல்லையென்று எப்படிச் சொல்வது? 2021இல், கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, பசறையிலிருந்து போகும் வீதியில் உள்ள லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் காட்டுக்குள் சுமார் 30 அடி உயர மரவீட்டில் ஏறிப் படித்தார்கள். பெற்றோர்தான் துணைக்குப் போனார்கள். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் வந்து படமெடுத்தன. அந்த மரவீட்டை விடாமுயற்சி என்று பாராட்டியவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஒரு பிள்ளை பாடம் படிக்க மரம் ஏற வேண்டியதில்லை.

ஒரே ரவுட்டரில் இரண்டு வைஃபை பெயர் வைத்தேன். ஒன்று என் வேலைக்கு. மற்றது லயத்துப் பிள்ளைகளுக்கு. அதிலிருந்து என் லெப்டொப்பைத் தொட முடியாது. பகலில் அதன் வேகத்துக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறேன், வகுப்புக்குத் தாராளமாகப் போதும். கல்லுச் சுவரைத் தாண்ட 5 கிகாஹேர்ட்ஸ் உதவாது, 2.4 தான் அக்கா வீடு வரை போகிறது.

திங்கள்

வேலை தொடங்கியது. மீட்டிங்கில் குரல் உடையவில்லை.

சிம் எடுத்தபோது வீட்டு முகவரிக்கு அத்தாட்சி கேட்டது இன்னும் மனதை அறுக்கிறது. எங்கள் காம்பராவுக்கு இலக்கமில்லை, கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். நாளைக்கு ஃபைபர் கம்பம் தோட்டத்துக்கு வந்தாலும் விண்ணப்பத்தில் எதை எழுதுவது? ஒவ்வொரு காம்பராவுக்கும் இலக்கம் கேட்டுப் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதிவிட்டேன். லயத்தில் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். அம்மா காலையில் வேலைப் பெரட்டுக்குப் போகும்போது அதைப் பக்கத்து லயத்துக்கும் கொண்டு போகிறார்.