முறத்தருகே ஒலித்த குரல்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஆயும் முறத்தருகே அமர்ந்து, என் நன்னி வானொலியில் கே. பி. சுந்தராம்பாளின் பாடல்களைக் கேட்பார். நாடகக் கொட்டகையை அவர் மிதித்ததில்லை.

1908இல் கொடுமுடியில் பிறந்து வறுமையில் வளர்ந்தவர் அம்மையார். பெண் மேடையேறுவது பழியெனக் கருதப்பட்ட காலத்தில் பாடினார். 1933இல் கணவர் கிட்டப்பா மறைந்தபின் வெண்புடவை தரித்தார். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண்வேடமேற்று, ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். பின்னர் சட்ட மேலவை உறுப்பினரானார்.

முத்தமிழ் விழா மேடையில் பேச என் மகள் அனுமதி கேட்டபோது, "ஊரார் என்ன சொல்வார்களோ" எனத் தயங்கினேன். அப்போது நன்னியின் முகம் நினைவில் எழுந்தது. பிறர் வீட்டுப் பெண்ணின் குரலில் ஆறுதல் கண்ட நாம், நம் வீட்டுக் குரலை அடைத்துவைப்பது நீதியாகுமா?

"பேசு, அம்மா" என்றேன்.