சூளைக்குப் போகவிருந்த பனங்கை... ஆச்சிக்குத் திண்ணையான கதை!

பழைய வீட்டை இடிக்கக் கொடுக்கும்போது, அதிலிருக்கும் மரமெல்லாம் யாருக்குச் சொந்தம்? முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால், இடிப்பவருக்கு! எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான். கதவு, நிலை, ஜன்னல் கம்பி, ஓடு என்று எல்லாவற்றையும் கண்ணாலேயே எடைபோட்டு, இடிக்கும் கூலியில் அதைக் கழித்து ஒரு தொகை சொல்வார்கள். நாம் தலையாட்டிவிட்டால், கதவும் அவர்களுடையது. அந்தக் கதவில் தாத்தா அடித்த ஆணியும் அவர்களுடையது.

திருச்செந்தூர் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் வீட்டைப் பார்க்க வந்தவர், கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தேக்கு ஒண்ணுமே இல்லியே... பனங்கை எல்லாம் செங்கச் சூளைக்குத்தான் போவும்" என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கு இருந்தது. அதனால்தான் இன்றைக்கும் காரைக்குடியில் பழைய தூணையும் கதவையும் விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. எங்கள் ஊரில் சுற்றிலும் பனைதான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் தாத்தா வீடு கட்டியபோது, கூரைக்குப் பனங்கை, வாசல் கதவுக்கு வேம்பு என்று கைக்கெட்டியதை வைத்துத்தான் கட்டினார். மாநில மரம் என்று பனைக்குப் பெருமை உண்டு; பழைய மரச் சந்தையில்தான் அதற்கு விலை இல்லை.

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். 'ரஸ்டிக் ஃபர்னிச்சர்' பற்றி எத்தனையோ போட்டோ தொகுப்புகள் போட்டிருக்கிறேன். புது மரத்தைக் கீறி, கறுப்பேற்றி, பழசு போலக் காட்டி விற்கும் மேஜையின் விலை சில சமயம் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தொடும். இங்கே நிஜமான பழசு, சூளைக்குப் போகிறது!

"எட்டு பனங்கையும் வாசக் கதவும் எங்களுக்கு வேணும்" என்றேன். தொகை கொஞ்சம் குறைந்தது. அப்பா முறைத்தார். "வீடே போவுது, கம்பை வெச்சு என்னம்மா பண்ணப்போற?" என்றார். "ரீல்ஸ் எடுப்பா" என்று சிரித்தார் சித்தப்பா. ஆச்சி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மரங்களைப் பின்பக்கம் செங்கல் மேல் அடுக்கி, மண் படாமல், மழை நனையாமல் தகரத்தால் மூடி வைத்தோம். ஏழு மாதத்தில் புது வீடு எழும்பியது. டைல்ஸ் தரை, இரும்பு கேட், பளபளவென்று எல்லாம் இருந்தது. திண்ணை மட்டும் இல்லை.

அது என்ன பெரிய விஷயம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆச்சிக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. பழைய வீட்டில் காலையும் மாலையும் அவர் இருப்பு திண்ணையில்தான். தெருவில் போகிறவர்கள் நின்று ரெண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டார்கள். புது வீட்டில் பிளாஸ்டிக் சேர் போட்டுக் கொடுத்தோம். அது வழுக்குகிறது என்று உட்கார மறுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக அறையை விட்டு வெளியே வருவது நின்றது. பேச்சு குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. போனில் நான் கேட்டால், "என்னட்டி பேச? யாரு வாரா?" என்பார்.

அப்போதுதான் தகரத்தின் கீழ் இருந்த மரம் ஞாபகம் வந்தது. ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

உள்ளூர்த் தச்சர் அண்ணாச்சி ஒருவர் உதவிக்கு வந்தார். வேலையில் முக்கால்வாசி, மரத்தை அறுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். முதலில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மரம் முழுக்கத் தேய்த்து, ஒளிந்திருக்கும் ஆணிகளைக் கண்டுபிடித்தோம். ஒரு ஆணி தவறினாலும் ரம்பத்தின் பல் போய்விடும். அடுத்து தட்டிப் பார்ப்பது. 'டங்' என்று கேட்டால் நல்ல மரம். 'பொத்' என்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தி உறுதி செய்துகொண்டோம். எட்டில் இரண்டு கழிந்தன. பழசு என்பதற்காக எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. அந்த இரண்டும் வெந்நீர் அடுப்புக்குப் போயின.

கதவில் பச்சை பெயின்ட் நாலைந்து அடுக்கு இருந்தது. இதில் கவனம் தேவை. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் அதிகமாக இருக்கலாம். உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி மூச்சில் போகும். அதனால் மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்து ஈரத்திலேயே சுரண்டினோம். தெருப் பிள்ளைகளை அந்தப் பக்கம் அண்ட விடவில்லை. சுரண்டியதையெல்லாம் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம்.

பச்சைக்குக் கீழே, சிவப்போடிய அழகான வேம்பு! மஹோகனியும் வேம்பும் ஒரே தாவரக் குடும்பம் என்பது அந்த நிறத்தைப் பார்த்ததும் நம்பும்படியாக இருந்தது.

பனை வேறு மாதிரி. வெளிப்பக்கம் கறுத்த நாராக இரும்பு போல இருக்கும். உள்பக்கம் சோறு போல மென்மை. ஸ்க்ரூவை நேராக இறக்கினால் பிளக்கும், முதலில் சின்னத் துளை போட வேண்டும். சிராய் கையில் ஏறினால் உயிர் போகும். எல்லா விளிம்பையும் உருட்டி, திரும்பத் திரும்பத் தேய்த்தோம். பனங்கை காலும் சட்டமும் ஆனது. கதவுப் பலகை இருக்கை ஆனது. கடைசியில் இரண்டு முறை லின்சீட் ஆயில் பூசினோம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், வெயிலில் விரித்துக் காயவைத்தோம்.

உயரத்துக்கு டேப் எடுக்கவில்லை அண்ணாச்சி. ஆச்சியைக் கூட்டிவந்து செங்கல் அடுக்கில் உட்காரச் சொல்லி, பாதம் தரையில் பதிந்து, கையை ஊன்றாமல் எழுந்துகொள்ளும் வரை ஒவ்வொரு கல்லாகச் சேர்த்தார். அந்த உயரத்துக்குத்தான் கால்களை அறுத்தார்.

பெஞ்சை வாசலில் போட்டதும் ஆச்சி உட்காரவில்லை. குனிந்து ஒரு காலைத் தடவிப் பார்த்தார். "இது அடுக்களைக் கைல்லா?" என்றார். புகை ஏறிக் கறுத்த கட்டை அது. எங்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. கதவில் பூட்டு இருந்த இடத்துத் துளையை பட்டி வைத்து அடைக்கப் போனார் அண்ணாச்சி. "கெடக்கட்டும்யா" என்று ஆச்சி தடுத்துவிட்டார். இப்போது அந்தத் துளையில்தான் அவருடைய கைத்தடி நிற்கிறது.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இடிக்கிற வீடு கிடைக்காமல் போகலாம். சரக்கு வந்திறங்கும் மரப் பேலட் கிடைக்கும். ஏற்றுமதி, இறக்குமதிப் பேலட்டில் கதிர் போன்ற முத்திரை இருக்கும். அதில் 'ஹெச்.டி' என்றிருந்தால், மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று அர்த்தம், எடுக்கலாம். 'எம்.பி' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்கு வேண்டாம். எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

ஆச்சி பழையபடி ஆகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். வயது 80-ஐத் தாண்டிவிட்டது. ஆனால், சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் போட்டால் இப்போது எடுப்பதில்லை. "வாசல்ல யார்கூடவோ பேசிட்டு இருக்காங்க, பொறவு கூப்பிடு" என்கிறார் அம்மா.

போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். சுற்றி வளைத்து ஊர்க்கதை பேசிவிட்டு, கடைசியில் கேட்டார்: "அந்தப் பனங்கைல மிச்சம் ஒண்ணு ரெண்டு கெடக்கால?"