மூணாவது படி

ரூபாய்க்கு மூணு படி அரிசி போட்ட கதையை மாமா எடுக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ சுருக்கென்று தைக்கும். "அண்ணாத்துரை வந்ததும் போட்டாரு. எங்கம்மா வாங்குனாங்க. நான் கண்ணால பாத்தவன்" என்பார். அவர் எந்தக் கட்சிக்கும் கொடி பிடித்தவர் இல்லை. மேடையில் மூன்று படி லட்சியம் என்றுதான் சொன்னார்கள், ஒரு படிதான் நிச்சயம் என்றார்கள், அந்த ஒரு படியும் 1967 மே மாதம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மட்டும்தான் வந்தது, செலவு தாங்காமல் அதையும் கைவிட்டார்கள் என்று நான் அடுக்கிக்கொண்டே போவேன். "நீ அப்பப் பொறந்திருந்தியா?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிடுவார்.

அவர் பேச்சில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. அம்மாயி அந்த வருடங்களில் சிங்காநல்லூரில் மில் லைன் வீட்டில்தான் இருந்தார். ஆக, கோயம்புத்தூர் கணக்கில் ஒரு படி அவருக்கு உண்டு. எனக்குத் துப்புத் துலக்க வேண்டியிருந்தது மீதி இரண்டு படிக்கு.

முதலில் படியின் மீதே சந்தேகம் வந்தது. ஊருக்கு ஊர் படி மாறும். பட்டணம் படி பெரியது, சின்னப்படி அதில் பாதி. அம்மாயி வீட்டில் சின்னப்படி புழங்கியிருந்தால், பெரிய படி ஒன்று அவர் கையில் இரண்டாகியிருக்கும். கொஞ்சம் தாராளமாகச் சொன்னால் மூன்று. அந்தப் படி அம்மாவிடம் இன்னும் இருக்கிறது. இரும்புப் படி, வாயில் பித்தளைப் பூண், அடியில் தேய்ந்துபோன முத்திரை. புழுங்கல் அரிசி கொட்டி, தலைதட்டி, தெருமுனை மளிகைக் கடைக்குக் கொண்டுபோய் எடை போட்டேன். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றே குறைவு. எட்டு ஆழாக்கும் பிசகில்லாத பெரிய படி. கடைக்காரர் அரிசியைத் திருப்பித் தரும்போது "விக்கிறீங்களா?" என்றார். படியைக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. மெட்ரிக் அளவை அறுபதுகளின் தொடக்கத்திலேயே கட்டாயமாகிவிட்டது. வாக்குறுதி படியில் கொடுக்கப்பட்டபோது சட்டம் கிலோவுக்கு மாறி ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. ஓட்டுப் போட்ட பெண்கள் படியில் யோசித்தார்கள், சர்க்கார் கடை கிலோவில் போட்டது. இடையில் உள்ள கழித்தல் கணக்கை யார் போட்டார்கள்?

பழைய செய்தித்தாள்களில் கிடைக்கும் என்று கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். பைண்டு செய்த தொகுதிகள். புரட்டினால் ஓரம் உதிர்ந்து மடியில் விழும். அரிசியைத் தேடிப் போனவன் அரிசியில் நிற்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 1967 அப்படிப்பட்ட வருடம். ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். பிப்ரவரியில் கழுத்துக் கட்டோடு இருந்த படமே தேர்தல் சுவரொட்டி ஆனது. விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். முந்தைய வருடம் ஜூனில்தான் ரூபாய் மதிப்பைக் குறைத்திருந்தார்கள். 4 ரூபாய் 76 காசுக்குக் கிடைத்த டாலர் ஏழரை ரூபாய் ஆகியிருந்தது. அடுத்தடுத்து மழை வேறு பொய்த்திருந்தது. இவற்றுக்கு நடுவே சினிமா விளம்பரங்கள். அவற்றில் நான் தொலைந்துபோன பொழுதுக்குக் கணக்கில்லை.

மார்ச் 6 அன்று அண்ணா பதவியேற்றார். அதே நாளில் திருவனந்தபுரத்தில் இ.எம்.எஸ். பதவியேற்றார். அங்கும் அரிசிதான் முதல் தலைவலி. மத்திய அரசு அனுப்பும் அரிசியை நம்பி உலை வைத்த மாநிலம் அது. இதையும் குறித்துக்கொண்டேன், அண்டை வீட்டுச் சமாச்சாரம் என்று தாண்டியும் போய்விட்டேன். அம்மாயியின் இரண்டு படி எந்தப் பக்கத்திலும் இல்லை.

அம்மாதான் சொன்னார், ரேஷன் கடையில் எடை போட்டவர் ஒருவர் இன்னும் இருக்கிறார், ஒண்டிப்புதூரில் மகள் வீட்டில், எண்பதைத் தாண்டிவிட்டது, ஆனால் ஞாபகம் கத்தி என்று.

ஞாபகம் கத்திதான். ஆனால் அவர் நினைத்ததைத்தான் வெட்டும். நான் யார் பேரன் என்று சொன்னதும், அப்புச்சி எந்த மில், எந்த லைன், எந்த ஷிப்ட் என்று என்னைத்தான் விசாரித்தார். ஷிப்ட் எனக்குத் தெரியவில்லை. "சங்கு ஊதறதே தெரியாம வளந்திருக்கீங்க" என்று வருத்தப்பட்டார். அப்புறம் காவல்காரன். செப்டம்பரில் வந்த படம். குண்டடிக்குப் பிறகு எம்.ஜி.ஆர். குரல் எப்படி ஆகிவிட்டது என்று கேட்பதற்காகவே ஜனம் போனதாம்.

"மொத வசனம் வந்ததுங்க தம்பி. கொட்டாயே கப்சிப்புனு ஆயிருச்சு. எனக்குப் பக்கத்துல ஒருத்தன் அழுதுட்டான்."

"அரிசி எவ்வளவு போட்டீங்கய்யா?"

"படிக்காரன்னுதான் என்னயக் கூப்புடுவாங்க. என்ற கையில படியே இல்ல. தராசுதான். பொம்பளைங்க வூட்டுல இருந்து படி கொண்டாருவாங்க. நான் போட்டத அதுல கொட்டிப் பாத்து, தலதட்டலே, கொறையுதுன்னு சண்டைக்கு வருவாங்க. அட, அதுக்கு நான் என்ன பண்றது? அளந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க, பின்னால வரிச நூறு பேரு நிக்கும்." சற்று நிறுத்தினார். "அந்த வரிசையிலயும் காவல்காரன் பேச்சுத்தான்."

மறுபடி படத்துக்குப் போய்விட்டார். நான் எப்போது போனாலும் இதே கதைதான். அரிசி என்றால் இரண்டு வாக்கியம், அப்புறம் கொட்டாய். ஒருமுறை மட்டும் மைலோவில் நின்றார். பி.எல். 480-இல் அமெரிக்காவிலிருந்து வந்த செஞ்சோளம். மாட்டுக்கு வைக்கிறதை மனுசனுக்குப் போடுகிறார்கள் என்று கடை வாசலில் திட்டுவார்களாம். கோதுமையை வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல் சோறு மாதிரி வேகவைத்தவர்களும் உண்டாம். நமக்கு நெல்லஞ்சோறு நோம்பி நொடிக்குத்தானே, மீதி நாளெல்லாம் கம்பும் ராகியும் சோளமும்தானே, பட்டணத்துக்கு வந்தபிறகுதானே தினம் அரிசி கேட்டது நாக்கு என்று அவர் சொன்னபோது, நான் ஏதோ பேச்சை வளர்க்கவேண்டுமென்று, "எங்க அம்மாயி வீட்ல தினம் சோறுதானுங்களா?" என்று கேட்டேன்.

கிழவர் சிரித்துவிட்டார்.

"அந்தம்மா எங்க சோறு ஆக்குச்சு? களிதான் கிண்டும். கடைக்கு மொத ஆளா வந்து வாங்கும். அது கார்டும் கொண்டாரும், பக்கத்து வூட்டுக் கார்டும் கொண்டாரும். அன்னிக்கு ரூவா இல்லாதவங்க கார்டக் குடுத்துருவாங்க. வாங்கிட்டுப் போயி..." என்று நிறுத்தி, உள்ளே மகள் கேட்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். அறுபது வருடத்துக்குப் பிறகும். "பாலக்காட்டுக்கு."

எனக்கு மூன்று படியெல்லாம் மறந்துபோயிற்று. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் ரயில்தான். மாநிலம் விட்டு மாநிலம் அரிசி போகக்கூடாது என்று தடை இருந்த காலம். கோயம்புத்தூரில் ரேஷன் விலையில் கிடைப்பது வாளையாரைத் தாண்டினால் வேறு விலை. போத்தனூரில் பாசஞ்சர் ஏறுவது, இடுப்பைச் சுற்றித் துணியில் அரிசியைக் கட்டிக்கொண்டு மேலே சேலை. பிள்ளைத்தாச்சி என்று எழுந்து இடம் கொடுப்பார்களாம். வரும்போது தேங்காய் எண்ணெய். அம்மாயி ஒருத்தி மட்டும் இல்லை, அந்த லைனிலேயே ஐந்தாறு பெண்கள். சோதனைக்காரர்கள் ஏறினால் ஜன்னல் வழியாக மூட்டை போகும், தண்டவாளத்து ஓரத்தில் ஆள் நிற்கும். சில நாள் ஆள் நிற்காது. அன்றைக்கு வந்தவரைக்கும் நட்டம்.

எனக்குத் தெரிந்த அம்மாயி, கோயில் வாசலில் செருப்பை விட்டாலும் டோக்கனைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொள்கிறவர்.

"அங்க என்ன விலைக்குப் போச்சுங்கய்யா?"

"படிக்கு மூணு ரூவா. நல்ல நாள்ல."

இதை அவர் வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலையைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்குத்தான் பின்னங்கழுத்து சிலிர்த்தது. ரூபாய்க்கு மூணு படி இல்லை. படிக்கு மூணு ரூபாய். அடுப்படியில் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் மூணு ரூபாய், ஒரு படி என்று குசுகுசுப்பதைக் கேட்ட எட்டு வயதுப் பையன். தெருவில் இறங்கினால் மூன்று படி, ஒரு படி என்று ஒலிபெருக்கி. இரண்டும் ஒரே தலைக்குள் போனால் எப்படி வெளியே வரும்?

உடனே நம்பிவிட மனம் வரவில்லை. தன் படம், தன் கொட்டாய் என்று வாழ்கிற கிழவர், எனக்குப் பிடித்த மாதிரி ஒரு விலையைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அம்மா மாமாவுக்கு இளையவர், அப்போது இரண்டு மூன்று வயது. "களி தின்னது ஞாபகம் இருக்கு. அரிசி மூட்டை இருந்ததும் ஞாபகம் இருக்கு. மூட்டை இருக்கற வீட்ல ஏன் களின்னு நான் இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல பாரு" என்றார்.

மாமாவிடம் போவதற்குக் கொஞ்சம் தயங்கினேன். செத்துப்போன தாயைப் பற்றிப் பேச்சு. அத்தையும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், சுற்றி வளைத்து, மூன்று ரூபாய் விவகாரத்தைச் சொல்லி முடித்தேன்.

"அப்ப எங்கம்மா அரிசி கடத்துனாங்கன்னு சொல்றே" என்றார்.

"அந்தக் காலத்துல எல்லாரும்..."

"படிக்கு ரெண்டு ரூபா லாபம்" என்றார் அத்தை, காபி டம்ளரை வைத்தபடி. "ரயில் சார்ஜ் போக."

மாமா அத்தையை முறைத்தார். அப்புறம் என்னை. நான் எழுந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "டிக்கெட் அரை டிக்கெட்டுதான்" என்றார். எனக்கு விளங்கவில்லை.

"எனக்கு. அரை டிக்கெட். மூட்டைய சீட்டுல வச்சு மேல போர்வையப் போட்டு என்னயப் படுக்க வச்சிருவாங்க. வாளையார் வந்தா காய்ச்சக்காரன் மாதிரி மொனகணும். ஒருத்தன் நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, ஆமா சுடுதுன்னுட்டுப் போனான். எனக்கு எதுவுமே இல்ல. சித்திர மாசம், அத்தன கூட்டத்துல எவன் நெத்தியும் சுடத்தான் செய்யும்."

"இத்தன வருசம் சொல்லவே இல்லியே நீங்க" என்றார் அத்தை.

"யாரு கேட்டீங்க? எல்லாரும் மூணு படியத்தான கேட்டீங்க." கோபமெல்லாம் போய்விட்டது அவருக்கு. நடித்ததற்குக் கூலியாக அம்மாயி காவல்காரனுக்குக் கூட்டிப்போனதையும், கொட்டாயில் தானும் முனகிக் காட்டி அடி வாங்கியதையும் சொன்னார். ஆனால் மூணு படியை மட்டும் விடவில்லை. அது வேறு, இது வேறு, சர்க்கார் போட்டது போட்டதுதான் என்கிறார்.