எண்ணிப் பார்த்தோம்

பதினொன்றாம் வகுப்பு மாணவியர் ஐவர்

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள் எங்கள் பாட்டிமார். அதன் பொருள் எங்களுக்கு முழுமையாக விளங்கியது, பள்ளி வாயிலுக்கு வெளியே சாலையோரத்தில் தாளும் பென்சிலுமாக நின்றபோதுதான்.

ஒருநாள் மாலை மணி அடித்ததும், சாலையைக் கடக்க முயன்ற ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தியை இருசக்கர வண்டி ஒன்று தள்ளிவிட்டுப் போய்விட்டது. கை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டுடன் வகுப்புக்கு வந்தாள். “யாராவது ஏதாவது செய்யவேண்டும்” என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். கணித ஆசிரியையான சிஸ்டர் மட்டும், “பிள்ளைகளே, என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? முதலில் எண்ணிப் பாருங்கள்” என்றார்.

திண்டுக்கல்லுக்கு மதுரை, திருச்சி, கரூர், பழனி, வத்தலக்குண்டு, நத்தம் என எல்லாப் பக்கமிருந்தும் சாலைகள் வந்து சேருகின்றன. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரியும், நிலக்கோட்டைப் பூக்கூடை ஏற்றிய வேனும், நகரப் பேருந்தும், டிராக்டரும், ஆட்டோவும், எங்கள் மிதிவண்டிகளும் ஒரே சாலையில்தான் போகவேண்டும். எந்த நாளில் எண்ணுவது என்பதே எங்கள் முதல் கேள்வி. தைப்பூசக் காலத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போவோர் சாலையை நிறைத்திருப்பர். முகூர்த்த நாளில் மண்டபத்து வாசலெல்லாம் கார்கள் நிற்கும். ஆகவே விசேஷமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம்.

ஐந்து இடங்களில் ஐவரும் நின்றோம். மாலை 4 மணி முதல் 5 மணி வரை, கால்மணிக்கு ஒரு தாள். நான்கு கோடு இழுத்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டோம். எல்லா வண்டியும் ஒன்றாகுமா? இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் சமவெளி நகரச் சாலைகளுக்காக வெளியிட்ட நெறிமுறையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எடை தந்திருக்கிறார்கள். கார் 1 என்றால் இருசக்கர வண்டி 0.5, மிதிவண்டி 0.4, பேருந்து 2.2, டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4. அவ்வகை வண்டியின் பங்கு கூடினால் இந்த எடையும் கூடும்.

பின்னர் கணினி அறைக்குப் போனோம். ஜெர்மானிய விண்வெளி மையத்தார் உருவாக்கி, யாவரும் இலவசமாகப் பயன்படுத்தக் கொடுத்திருக்கும் ‘சுமோ’ என்ற நிரலில் எங்கள் தெருக்களை வரைந்தோம். திரையில் சின்னஞ்சிறு வண்டிகள் ஓடியதும் கைதட்டினோம். ஆனால் மகிழ்ச்சி நிலைக்கவில்லை. திரையில் நின்ற வரிசை, சாலையில் நாங்கள் மின்கம்பங்களை எண்ணி அளந்த வரிசையைவிட மிக நீளமாக இருந்தது.

“வெர்னியரில் சுழிப்பிழை பார்க்காமல் அளப்பீர்களா? இதற்கும் திருத்தம் வேண்டும்” என்றார் சிஸ்டர். மாதிரியின் உள்ளே இருக்கும் எண்களை நம் சாலைக்கு ஏற்பத் திருத்துவதே அளவுதிருத்தம். நிற்கும் வண்டிகளுக்கிடையே இரண்டரை மீட்டர் இடைவெளி இருக்கும் என்று அந்த நிரல் தானாகவே எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் சாண் அளவு இடம் கிடைத்தாலும் ஒரு ஸ்கூட்டர் நுழைந்துவிடுமே! ஒன்றன்பின் ஒன்றாகத் தடம் பிடித்துச் செல்லும் மேல்நாட்டு ஓட்டம் இங்கே இல்லை. நம் நாட்டின் கலப்புப் போக்குவரத்துக்கென்றே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் தமிழரசனும் ரீபு கோஷியும் தனி மாதிரி அமைத்து 2005-இல் கட்டுரை வெளியிட்டதை சிஸ்டர் எடுத்துச் சொன்னார். சுமோவிலும் ஒரே தடத்தில் பக்கம் பக்கமாக வண்டிகள் செல்ல வழி உண்டு. அதை அமைத்தோம், இடைவெளியைக் குறைத்தோம். வரிசை மின்கம்பக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துவந்தது.

அடுத்து வண்டிகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டோம். இலண்டனில் 1970-களில் ஜெஃப்ரி ஹேவர்ஸ் என்பவர் வகுத்த வாய்பாடு இதற்கு உண்டு. ஒரு மணி நேரத்துக்குரிய இரு எண்ணிக்கைகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, இரண்டால் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் காணவேண்டும். விடை 5-க்குக் கீழே இருந்தால் நன்று. எண்ணியது 400, மாதிரி காட்டுவது 500 என்றால் விடை 4.7; பாதகமில்லை. எண்ணியது 40, மாதிரி காட்டுவது 140 என்றாலோ விடை 10.5. வித்தியாசம் அதே 100தான். ஆனால் சிறிய தெருவில் அது பெரும் பிழை.

பள்ளி வாயிலில் மட்டும் எங்கள் விடை 5-க்குள் வரவே இல்லை. இடைவெளியை மாற்றினோம், வேகத்தை மாற்றினோம். வாயில் சற்றுச் சரியானால் மற்ற இடங்கள் கெட்டன. சிஸ்டர் தாள்களை வாங்கிக் கால்மணி கால்மணியாகப் பார்த்தார். மூன்று தாள்கள் ஒத்திருந்தன. நான்காவதில், இருபுறச் சந்திகளிலும் எண்ணியதைவிட வாயிலைக் கடந்தவை மிக அதிகம். “இந்த வண்டிகள் வானத்திலிருந்து இறங்கினவோ?” என்று மெல்லக் கேட்டார்.

எங்களுள் ஒருத்தி அழுதுவிட்டாள். தண்ணீர் குடிக்கப் போய்த் தாமதமாகி, அந்தத் தாளை மனம்போல நிரப்பியிருந்தாள். “கூடுதலாகக் காட்டினால் மனுவுக்கு வலுவாக இருக்கும் என்று நினைத்தேன், சிஸ்டர்” என்றாள். அவளைக் கடிந்துகொள்ள எங்களுக்கு வாய் வரவில்லை. மனுவுக்கு அதிக எண் வேண்டும் என்ற ஆசை எல்லோர் மனத்திலும் இருந்ததே! அதைவிடப் பெரிய தவறு, பொய்யான ஒரு தாளுக்காக ஒரு வாரமாக நல்ல மாதிரியை வளைத்துக்கொண்டிருந்தது. மாதிரி பொருந்தாதபோது திருகாணியைத் திருகுமுன் தாளைப் பார்க்கவேண்டும் என்பதை அன்று கற்றோம்.

அடுத்த செவ்வாயன்று மறுபடி எண்ணினோம், ஒத்துவந்தது. அதற்கடுத்த செவ்வாயும் எண்ணி, எதையும் திருத்தாமல் ஒப்பிட்டோம். பாடத்தில் செய்து பார்த்த கணக்கையே தேர்வில் போட்டு மதிப்பெண் வாங்கினால் அது தேர்ச்சியா? காணாத கணக்கும் வரவேண்டும் அல்லவா?

“ஊர் முழுவதற்கும் செய்துவிடலாமே?” என்று துள்ளினோம். சிஸ்டர் சிரித்தார். 10 பகுதிகள் உள்ள ஊரில், ஒன்றிலிருந்து மற்ற ஒன்பதுக்கும் போகும் பயணங்கள் 90 வகை. 100 பகுதிகள் என்றால் 9,900. சந்திகளில் எண்ணிக் கிடைக்கும் சமன்பாடுகளோ அவற்றைவிடக் குறைவு. தெரியாதவை மிகுந்தால் விடைகள் பல, பொருந்துவதெல்லாம் உண்மையாகிவிடாது. ஆகவேதான் பெருநகரங்களில் வீடு வீடாகச் சென்று, “எங்கே போகிறீர்கள்? எதில் போகிறீர்கள்?” என்று மக்களிடமே கேட்கிறார்கள்.

எங்கள் சிறு மாதிரி ஒன்றைக் காட்டியது: மிதிவண்டிகளும், காத்து நிற்கும் ஆட்டோக்களும், சின்னப் பிள்ளைகளும் ஒரே பத்து நிமிடத்தில் சாலையில் கூடுகிறார்கள். மூத்த வகுப்புகளை முதலில் அனுப்பி, சின்ன வகுப்புகளைப் பத்து நிமிடம் கழித்து அனுப்பினால் நெரிசல் குறையும் என்று தெரிந்தது. தலைமையாசிரியை சிஸ்டர் இசைவு தந்தார். உண்மையான எண்களோடு மனுவும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை; மணி மட்டும் மாறிவிட்டது.

கை முறிந்த அந்தத் தங்கை இப்போது நலம். சென்ற வாரம், “அக்கா, எனக்கும் ஒரு தாள் கொடுங்கள்” என்று வந்து நின்றாள். கொடுத்தோம். “பார்த்ததை மட்டும் போடு. பார்க்காவிட்டால் வெறுமையாக விட்டுவிடு” என்று சொன்னவள், அன்று அழுத எங்கள் தோழிதான்.