என் முதல் மாணவி

ஆசிரியப் பணியில் இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டேன். "உங்கள் முதல் மாணவர் யார்?" என்று எவரேனும் கேட்டால், வகுப்பறையில் கண்ட எந்தப் பிள்ளையின் முகமும் என் நினைவுக்கு வருவதில்லை. என் பாட்டியின் முகமே வருகின்றது.

பாட்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே மரம் சீவியவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. விடியுமுன் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாரியம்மன் படத்தின்முன் விளக்கேற்றிய பின்னரே பெரட்டுக்குப் புறப்படுவார். அன்றாடம் அரிசி களையுமுன் ஒரு பிடியைத் தனியே ஒரு டின்னில் போட்டு வைப்பார். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கான அரிசி அது. இடையில் எவர் வீட்டிலாவது உலை ஏறவில்லை என்று தெரிந்தால், டின்னோடு அங்கே போய்விடுவார். "அம்மனுக்கு வைத்ததாயிற்றே பாட்டி?" என்று ஒருமுறை கேட்டேன். "ஆத்தா அந்த வீட்டுலதான் பசியோட ஒக்காந்திருக்கா" என்றார்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956ஆம் ஆண்டு இந்திய இயல் துறை தொடங்கப்பெற்றது. அதற்குத் துணையாகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் ஆளுக்கு ஒரு வெள்ளி நிதி திரட்டினார். எழுத்தறியாத என் பாட்டியும் ஒரு வெள்ளி கொடுத்தாராம். கோயில் உண்டியலில் போடுவதாகவே நினைத்துக் கொடுத்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார்.

1988இல் நான் இரண்டாம் ஆண்டு மாணவி. ஒரு மாலை, நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது பாட்டி அருகில் வந்து அமர்ந்தார். "எம்பேர எழுதக் காட்டிக்குடு தாயி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கையில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு ஆசிரியையாகிவிட்டேன்! பாட்டியின் பெயர் நான்கே எழுத்து. அவரோ பென்சிலை உளியைப் போல இறுகப் பிடித்தார். முனை ஒடிந்தது, தாள் கிழிந்தது. மூன்றாம் நாள் நான் பொறுமை இழந்தேன். "போ பாட்டி, உனக்கு வராது" என்று பென்சிலைப் பிடுங்கிக்கொண்டேன்.

பாட்டி சிரித்தார். அதன்பின் அவர் பென்சிலைத் தொடவே இல்லை. நானும் அழைக்கவில்லை.

வராது என்று நான் சொன்னது எத்தகைய கைக்கு! பள்ளி விடுமுறையில் அவரோடு நிரைக்குச் சென்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கே பட்டையைச் சீவ வேண்டும். உளி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். அவ்விடத்தில் புதுப்பட்டை மேடுபள்ளமாக வளர்ந்து, பிறகு சீவுவது கடினமாகிவிடும். விடிந்தும் விடியாத இருளில், நெற்றி விளக்கின் ஒளியில், மரத்துக்கு மரம் அந்த அளவு தவறாமல் சீவிய கை அது.

அடுத்த ஆண்டு அவருக்கு 55 வயது நிறைந்தது. சேமநிதிப் பணத்தை எடுக்கும் பாரத்தில் பெருவிரல் ரேகை வைத்தார். நானும் உடன் சென்றிருந்தேன். விரலில் ஒட்டிய மையைச் சேலைத் தலைப்பில் நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பணத்தில் அவர் முதலில் வாங்கியது, நான் படிப்பதற்கு ஒரு மேசை.

2000ஆம் ஆண்டு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் பாடம். தன்னால் இயலும் என்று நம்பும் பிள்ளையே முயன்று கற்கும் என விரிவுரையாளர் விளக்கிக்கொண்டிருந்தார். என் கண்முன் கிழிந்த தாளும் பாட்டியின் சிரிப்பும் வந்து நின்றன. விடுமுறையில் ஊர் திரும்பியதும், "பாட்டி, இப்போது ஒழுங்காகச் சொல்லித் தருகிறேன்" என்றேன். "இனிமே எனக்கெதுக்கு தாயி? கை நடுங்குது. வராத புள்ளைக்குச் சொல்லிக்குடு" என்று கூறி, என் நெற்றியில் திருநீறு இட்டார். 2005இல் பாட்டி காலமானார். கடைசிவரை அவருக்குக் கையொப்பம் இல்லை.

இத்தனை பட்டும் நான் முற்றும் திருந்திவிட்டேன் என்று சொல்ல இயலாது. சில ஆண்டுகளுக்கு முன், வாசிக்கத் திணறிய ஒரு மாணவனிடம் அதே சொல் என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அறிவேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் வகுப்பார் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பள்ளி முடிந்த பிறகு நாள்தோறும் கால் மணி நேரம் அவனோடு அமர்ந்தேன். ஆண்டு இறுதியில் அவன் ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறியேனும் படித்து முடித்தான்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! இரவில் வீட்டுப்பாடத்தின் முன் பிள்ளையோடு போராடும்போது நமக்கும் களைப்பு வரும், கோபமும் வரும். அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிடுங்கள். சிரித்துக்கொண்டே எழுந்து போகும் பிள்ளை மீண்டும் வந்து அமராமலே போய்விடக்கூடும்.

என் பாட்டிக்கு நான் நான்கு எழுத்துகள் கடன்பட்டிருக்கிறேன். அவர் எடுத்து வைத்த பிடியரிசியைப் போல, அதைச் சிறிது சிறிதாகப் பிற வீட்டுப் பிள்ளைகளுக்கே கொடுத்து வருகிறேன்.